இரண்டு பேரும் தோற்க வேண்டிய ஃபைனல்

கோல் கம்பத்துக்குப் பின்னால், வலையை ஒட்டி நின்றுகொண்டு ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்க்கச் சுற்றுகிறார் ஜெயராஜ். பந்தைத் தூக்கி அடி என்று அர்த்தம். விரலைத் தரையைப் பார்க்கச் சுற்றினால் இறக்கி ஆடு. முஷ்டியை நீட்டினால் அப்படியே நில். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினால் குடி முழுகிப் போயிற்று, எல்லோரும் பின்னால் ஓடி வாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். முப்பதடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கிற ஆள் காட்டும் சைகையைப் பார்த்துப் பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கி வைப்பது அவர் வேலை. அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையே கிடையாது. அதே பழக்கம் மைதானத்துக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றால் விரல் மேலே சுற்றும், போதுமென்றால் முஷ்டி. “வாயத் தொறந்து கேட்டா முத்து உதுந்துடுமா?” என்பார் மனைவி கிரேஸ். அதற்காக ஜெயராஜைப் பேசாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சு கால்பந்துப் பக்கம் திரும்பிவிட்டால் அவர் வாயை மூட அந்தக் கிரேனாலும் முடியாது.

இன்னொரு சங்கதி. ஆட்டம் நடக்கும்போது விவரம் தெரிந்தவர்கள் அவருக்கு முன்னால் நிற்க மாட்டார்கள். பந்து கோல் பக்கம் வந்தால் அவருடைய வலது கால் தானாக உதைக்கும். கூட வேலை செய்கிற பார்த்திபன் ஒரு தடவை தெரியாமல் போய் நின்று, கெண்டைக்காலில் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் நொண்டினார். “நானா? உன்னையா? எப்போ?” என்று ஜெயராஜ் கேட்டதில் பொய் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது.

இவ்வளவும் யாருக்காக? கார்மேல் காலனி மார்னிங் ஸ்டார் அணிக்காக. அந்த அணியில் அப்படி என்ன இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள், அன்றைக்கு உங்கள் பிழைப்பு கெட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஷிப்டு முடித்துக் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து ஆடுகிற பதினோரு பையன்கள், அவ்வளவுதான். கோப்பையைத் தொட்டுப் பதினாறு வருடமாகிறது. ஆனால் சுற்றுவட்டாரத்துத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்தும் மே தினக் கோப்பை வந்துவிட்டால், ஜெயராஜ் வீட்டுக் கொடியில் பதினோரு மஞ்சள் பனியன்கள் வரிசையாகக் காயும். துவைப்பது கிரேஸ் இல்லை, அவரேதான். சொந்த லுங்கியை ஒரு நாள் அலசியிருப்பாரா என்று கிரேஸிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜெயித்தால் காலனி முழுக்க டீ. தோற்றால் என்ன செய்வார் தெரியுமா? நேரே வீட்டுக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றித் துடைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மண்ணெண்ணெய் தொட்டு, துணி வைத்து, மூன்று இறக்கையும் பளபளவென்று ஆகிற வரைக்கும் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டு இறங்கினால்தான் மூச்சு சீராகும். “எங்க ஊட்டு ஃபேனு மாதிரி சுத்தமான ஃபேனு இந்தக் காலனிலயே கெடையாது” என்று கிரேஸ் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லுவார். கேட்கிறவர்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருடம் மார்னிங் ஸ்டார் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டது. எதிரே எளாவூர் செக்போஸ்ட் பிரதர்ஸ். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்த ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எளாவூருக்கு ஒரு பெனால்டி. போயிற்று. போனதுகூடப் பெரிதில்லை. எளாவூர்க்காரர் ஒருத்தர், நரைத்த முறுக்கு மீசை, ஐம்பதைத் தாண்டிய ஆள், தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, வேறு இடமே கிடைக்காத மாதிரி ஜெயராஜுக்கு நேர் எதிரே வந்து நின்று ஓர் ஆட்டம் போட்டார் பாருங்கள், அதைத்தான் ஜெயராஜால் ஜீரணிக்க முடியவில்லை. அன்றைக்கு மின்விசிறி இரண்டு தடவை துடைக்கப்பட்டது.

இன்னொரு அரையிறுதியில் ஜெயித்தது கவரைப்பேட்டை கேட் பாய்ஸ். அவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? போன வருடம் மார்னிங் ஸ்டாரின் கோல்கீப்பரைப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்து நைசாகத் தள்ளிக்கொண்டு போனவர்கள். ஆக, செக்போஸ்டுக்கும் கேட்டுக்கும் ஃபைனல். மில் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்த பார்த்திபன் வாயைக் கிளறினார்.

“ஃபைனல்ல யாருக்கு சப்போர்ட்டு?”

“எவன் ஜெயிச்சா எனக்கு இன்னா? ஒருத்தன் ரயில்வே கேட்டப் போட்டு வழிய மறிப்பான், இன்னொருத்தன் செக்போஸ்டுல நிறுத்தி மறிப்பான். ரெண்டு பேரும் தோக்கணும்.”

“அது எப்படி ஆவும்? ஒருத்தன் ஜெயிச்சித்தான தீரணும்?”

“மழ வரட்டும். கப்ப எவனாவது தூக்கினு ஓடட்டும். ஃபைனல் அன்னிக்கி நான் கால நீட்டித் தூங்கப் போறன்.”

தனக்கு அக்கறையே இல்லை என்பதை அந்த வாரம் அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னார். கூண்டுக்கு ஏறுகிற ஏணியில் நின்று சொன்னார், கேட்டில் பையைச் சோதிக்கிற வாட்ச்மேனிடம் சொன்னார், முடி வெட்டப் போன இடத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அக்கறை இல்லாத மனிதர் இவ்வளவு தொண்டை வறளப் பேசுவாரா என்று முடிதிருத்துகிறவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில்தான் ஜெபாவின் கல்யாணப் பேச்சு. ஜெபா ஒரே மகள், இருபத்துநாலு வயது, சிப்காட்டில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அதே கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிற ராபினைப் பிடித்திருக்கிறது என்று ஈஸ்டர் முடிந்த கையோடு வீட்டில் சொல்லிவிட்டாள். நல்ல பையன், கெட்ட பழக்கம் கிடையாது என்று கிரேஸ் விசாரித்து முடித்துவிட்டார். ஜெயராஜ் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்: பையன் ஃபுட்பால் பார்ப்பானா? பார்க்க மாட்டானாம். போனில் செஸ் ஆடுவானாம். “உக்காந்த எடத்துல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்று சொல்லிவிட்டு, “பாக்கலாம், பாக்கலாம்” என்றே ஒரு மாதம் ஓட்டினார்.

அரையிறுதி தோற்ற இரண்டாம் நாள் கிரேஸ் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். ராபின் வீட்டுக் குடும்பப் படம். நடுவில் உட்கார்ந்திருந்தது அந்த முறுக்கு மீசை.

“இது யாரு?” என்றார் ஜெயராஜ்.

“பையனோட அப்பா. பேரு சின்னராசு. செக்போஸ்ட் பக்கத்துல லாரிக்கு எட போடுற எடத்துல வேல செய்யறாரு. ரொம்ப மரியாதியான மனுசனாம்.”

ஜெயராஜ் எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“இப்போ எதுக்கு ஃபேனக் கழட்டுற? இன்னிக்கி மேட்சே இல்லியே!” என்று கிரேஸ் கத்தினார். இறக்கைகள் மூன்றாவது தடவையாகத் துடைக்கப்பட்டன.

மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது கிரேஸ் விடவில்லை. “அவங்க ஊட்ட வந்து பாக்கச் சொல்றாங்க. ராபினோட அம்மா விக்டோரியா நேத்தே போன் பண்ணாங்க. எந்த ஞாயித்துக்கெழம வரட்டும்?” ஒரு மாதமாகப் பார்க்கலாம் பாட்டுப் பாடிய மனிதர், தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல், பட்டென்று பதில் சொன்னார். “வர ஞாயிறு. இருவத்தஞ்சாந்தேதி. சாயந்தரம் நாலு மணி.”

தேதி, நேரம், எல்லாம் நெட்டுருப் போட்ட மாதிரி வந்தது. கிரேஸுக்கு ஒன்றும் புரியவில்லை, சந்தோஷம்தான். விஷயம் என்னவென்றால் ஃபைனல் இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சாயந்தரம் நாலரை மணி, எளாவூர் பள்ளிக்கூட மைதானம். பெண் வீட்டார் சொன்ன தேதியை மாற்றச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு இஷ்டமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எந்தத் தகப்பனும் அதற்குத் துணிய மாட்டார். ஆக, அந்த முறுக்கு மீசை தன் சொந்த ஊரில் நடக்கிற ஃபைனலைப் பார்க்காமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். துண்டு சுற்றினாயா, சுற்று. அவ்வளவு அற்பமான கணக்குத்தான். ஆனால் அதைப் போட்ட பிறகு ஜெயராஜ் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கிரேஸ் போன் போட்டுச் சொன்னார். “நாலு மணின்னு சொன்னதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல, டவர் கெடைக்கல போல. அப்பறம் தாராளமா வாங்க அண்ணின்னுட்டாங்க” என்றார். ஜெயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறபோது ஜெபா வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். “நைனா, நேராவே சொல்றன். எனக்கு ராபின உட்டா வேற யாரும் வேணாம். ஆனா நீ வேணாம்னு சொல்லிட்டா நான் பண்ணிக்க மாட்டன். அங்க போயி பேஜாரு பண்ணாத.” கண் கலங்கியிருந்தது. ஜெயராஜ் என்னவோ சொல்ல வந்து, முஷ்டியைக் காட்டினார். நிறுத்து, தெரியும் என்று அர்த்தம். வழி நெடுகப் பின்னால் உட்கார்ந்து கிரேஸ் பாடம் நடத்தினார். “காபி, பிஸ்கோத்து வரைக்கும் பரவால்ல. சோத்துல கை வச்சிட்டா சம்மதம்னு அர்த்தம். புடிக்கலன்னா கை நனைக்காம எழுந்து வந்துடணும். உன் இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணு மூஞ்ச நெனச்சிக்கோ.”

எடைமேடைக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் சின்னராசு வீடு. வாசலிலேயே பிரியாணி மணம் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, முறுக்கு மீசைக்கு எண்ணெய்கூடத் தடவியிருந்தார் சின்னராசு. “ஸ்தோத்திரம்ணே, வாங்க. வெயிலு ஜாஸ்தியா? இப்பிடி ஃபேனுக்குக் கீழ உக்காருங்கண்ணே” என்று வரவேற்றார். ஜெயராஜ் நிமிர்ந்து பார்த்தார். இறக்கை மூன்றிலும் விரற்கடைத் தூசு. இந்த வீட்டு அணி தோற்பதே இல்லை போலிருக்கிறது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு உட்கார்ந்தார். ராபின் வந்து கும்பிட்டான், தண்ணீர் கொடுத்தான், நல்ல பிள்ளையாக ஓர் ஓரத்தில் நின்றுகொண்டான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பேச்சு வெயிலில் ஆரம்பித்து, கம்பெனி பஸ், காஸ் சிலிண்டர் என்று போய்க்கொண்டிருந்தது. நாலரை ஆயிற்று. பள்ளிக்கூடம் இருந்த பக்கமிருந்து மேளச் சத்தம் எழுந்தது. விசில் கேட்டது. சின்னராசின் காது மட்டும் அந்தப் பக்கம் போய் வந்தது. முகம் அசையவில்லை. பத்து நிமிடத்தில் ஓவென்று ஒரு பேரிரைச்சல். கோல்! யார் போட்டது? சின்னராசு காபி டம்ளரை நீட்டியதில் சாஸரில் காபி சிந்தியது. “எடுத்துக்கங்கண்ணே” என்றார். ஜெயராஜுக்குக் காது குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது. இந்தக் காபியை இன்னும் ஒரு மணி நேரம் குடிக்கலாம் என்று சின்னச் சின்ன வாயாக உறிஞ்சினார்.

“இன்னா அண்ணி சத்தம் அது? திருவிழாவா?” என்று வெள்ளந்தியாகக் கேட்டார் கிரேஸ்.

விக்டோரியாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “ஃபைனலு மேட்சு அண்ணி! இவுரு டீமு. முப்பது வருசமா ஒரு மேட்சு உட்டதில்ல இந்த மனுசன். நாலு மணின்னு நீங்க சொன்னதும் தல சுத்திப் போச்சி எனக்கு. தேதிய மாத்தலாம்னு நான்தான் சொன்னன், வேணாம்னுட்டாரு. போன எடுத்து அரிசி டிரம்முல போட்டு மூடிட்டாரு. பொண்ணப் பெத்தவங்க வந்துகிறப்போ ஸ்கோரு பாக்கற புத்தி வந்துடக் கூடாதாம்.”

கிரேஸ் மெதுவாகத் திரும்பி ஜெயராஜைப் பார்த்தார். இருபத்தாறு வருடக் குடித்தனம். தேதியும் நேரமும் தோசைத் தட்டிலிருந்து எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தன என்பது அந்தப் பார்வையில் விளங்கிவிட்டது. ஜெயராஜ் டம்ளருக்குள் பார்வையை இறக்கினார்.

“நீ சும்மா இரு, விக்டோரியா” என்றார் சின்னராசு. பிறகு ஜெயராஜ் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்கண்ணே. உங்களுக்கு ஃபைனலு ஞாபகம் இருந்துருக்காது. நம்ம டீமு வெளிய போயிட்டா அப்பறம் தேதியாவது கெழமையாவது. ஒரு வருசம் நாங்க செமியில தோத்தப்போ நாலு நாளு எனக்குச் சோறு எறங்கல. நல்லா ஆடுனாங்க உங்க பசங்க. அந்தப் பெனால்டி குடுத்திருக்கவே கூடாது, நான் சொல்றன். கை படவே இல்ல. அன்னிக்கி உங்க எதிர வந்து துண்டச் சுத்திட்டன். ஊட்டுக்கு வந்தப்பறம் உங்க மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சி. எங்கனா பாத்தா மன்னிப்பு கேக்கணும்னு இருந்தன். பாத்தா நீங்களே பொண்ணோட அப்பாவா வந்து நிக்கிறீங்க.”

மறுபடியும் மைதானத்திலிருந்து இரைச்சல். இந்தத் தடவை சின்னராசு கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

ஜெயராஜுக்கு வெட்கமாகிவிட்டது. தன் கல்யாண நிச்சயத்தன்றைக்கே ஒரு மேட்ச் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றவர் அவர். கிரேஸின் அப்பா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினார். யாருக்காகவும் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததில்லை. இந்த மனிதர் விட்டுக்கொடுத்திருக்கிறார், போனை அரிசிக்குள் புதைத்துவிட்டு, அதுவும் யாரென்றே தெரியாத ஒரு ஜெபாவுக்காக. இந்த ஆளைப் பற்றியா இவ்வளவு அற்பமாக நினைத்தோம், சீ என்று ஆகிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கிரேஸும் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் ஜெபாவை அனுப்பப் போகிற வீட்டில் முதல் நாளே ஒரு பொய்யை வைத்துவிட்டுப் போவதா?

“எனக்கு ஞாபகம் இருந்திச்சி” என்றார் ஜெயராஜ்.

“இன்னாண்ணே?”

“ஃபைனலு இன்னிக்கின்னு தெரியும். நாலரைக்கின்னும் தெரியும். தெரிஞ்சிதான் நாலு மணின்னு சொன்னன். நீங்க பாக்கக் கூடாதுன்னு.”

ராபின் முகம் வெளுத்துப் போயிற்று. கிரேஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், ஒரு மாதமாகக் கட்டியது எல்லாம் கண் முன்னால் சரிந்துவிட்டது என்றே நினைத்தார். விக்டோரியா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். சின்னராசு மீசையை ஒரு பக்கம் தடவினார், மறு பக்கம் தடவினார். ஜெயராஜை ஏற இறங்கப் பார்த்தார்.

“செமியில நாங்க தோத்து, நீங்க ஃபைனலு வந்து, நான் பொண்ணப் பெத்தவனா இருந்திருந்தா,” என்றார் நிதானமாக, “நான் மூணு மணிக்கே வந்துருப்பண்ணே. டாஸு கூடப் பாக்க உட்டிருக்க மாட்டன்.”

முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு இரண்டு வீட்டிலும் தகராறு. கிரேஸ் என்கிறார் விக்டோரியா, விக்டோரியா என்கிறார் கிரேஸ். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடிக்கப் போகிறது. இருபத்தைந்து நிமிடம் முதல் பாதி, நடுவில் பத்து நிமிடம் இடைவேளை. விருட்டென்று எழுந்தார்.

“தங்கச்சி, பிரியாணி வெந்துடுச்சா?”

“தம்முல கீதுண்ணே. எல போட்டுடட்டுமா?”

“எலையெல்லாம் வேணாம்” என்று நேரே சமையலறைக்குள் நுழைந்தார். விக்டோரியா தட்டைத் தேடி எடுப்பதற்குள் குண்டான் மூடியைத் தள்ளி, வலது கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அடேயப்பா, என்ன சூடு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, ஊதி, விழுங்கி, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்திக் காட்டினார். “கை நனச்சாச்சி. கிரேஸு, பாத்துக்கோ. நல்ல காரம் தங்கச்சி, உப்பு கரெக்டு.” அது வரைக்கும் சின்னராசு ஒன்பது தடவை அண்ணே என்று கூப்பிட்டிருந்தார். ஜெயராஜ் அவரை ஒரு தடவைகூட எந்த உறவும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. “இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? செருப்பப் போடுங்க சம்மந்தி. செகண்ட் ஆஃபு ஆரம்பிச்சிடப் போறான்” என்றார்.

சின்னராசுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து வண்டியில் ஏறினார். கிரேஸ் அப்போதே ஜெபாவுக்குப் போன் போட்டுவிட்டார். “உங்க நைனா கை நனச்சிட்டாரு. இல்லடி, எலையில இல்ல, குண்டான்ல” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது சந்து முனை வரைக்கும் கேட்டது.

ஒரு கிலோமீட்டர் தூரம்தான். மசாலா ஒட்டிய கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு, எடைபோடக் காத்து நின்ற லாரிகளின் இடுக்கில் எல்லாம் புகுந்து போனார் ஜெயராஜ். பின்னால் உட்கார்ந்து சின்னராசு, “ரைட்ல உடுங்க, லெஃப்ட்ல குப்ப லாரி நிக்குது, ரைட்ல ரைட்ல” என்று வழி சொன்னார். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், “எங்க போய்ட்டீங்க மாமா? ஒண்ணுக்கு ஒண்ணு!” என்று கத்திவிட்டுப் போனார். “எங்காளுங்க ஒண்ணு போட்டானுங்களா!” என்று சின்னராசு ஜெயராஜின் தோளைக் குலுக்கின குலுக்கில் வண்டி ஓர் ஆட்டம் ஆடி நேரானது.

மைதானத்தைச் சுற்றி ஆறு வரிசைக்கு ஆள். மதில் மேல் ஆள், பள்ளிக்கூட மாடிப்படியில் ஆள், பக்கத்தில் நின்ற லாரியின் தலையில் ஆள். உள்ளே விசில் ஊதியாயிற்று. சின்னராசு குதிகாலை உயர்த்திப் பார்த்தார், இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தார். முதுகுகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் கிடைக்காதோ என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க ஜெயராஜுக்குப் பொறுக்கவில்லை. வண்டியைக் கூட்டத்தின் பின்னால் கொண்டுவந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினார். சீட்டைத் தட்டிக் காட்டினார்.

“ஏறி நில்லுங்க சம்மந்தி.”

“ஐயோ, வேணாம். அப்போ நீங்க?”

“ஏறுங்கன்றன்.”

சின்னராசு சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு சீட்டின் மேல் ஏறி நின்றார். ஏறி நின்ற அந்த நிமிடமே உலகம் மறந்துவிட்டது அவருக்கு. கையை வீசினார், கத்தினார், ரெஃப்ரியைத் திட்டினார், துண்டு கொண்டு வர மறந்துவிட்டதால் கழுத்துப் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் காலரையே இழுத்துக்கொண்டார். வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கூட்டம் ஓவென்று எழுந்தது, உள்ளே என்னவோ நடக்கப் போகிறது, சுற்றி நின்ற அத்தனை பேரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். ஜெயராஜ் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஹேண்டில்பாரை ஒரு கையாலும் சின்னராசின் கணுக்காலை மறு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.